அல்பேனியப் பாட்டும் அவர் காதும்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. இந்த ஒரு வரியை யாரிடமும் சொல்லாமல் நான் நாலு வருஷம் ஓட்டினேன். நானாவது, வாயை மூடிக்கொண்டு இருப்பதாவது! சொன்னால் எங்கள் ப்ளாக்கில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

சுத்தமாகக் கேட்காது என்றில்லை. லாரி போவது கேட்கும், இடி கேட்கும், கோயில் மேளம் கேட்கும். மனுஷர் பேசினால் சத்தம் வரும், சொல் வராது. நெய்வேலி மைன்ஸில் மண் வெட்டுகிற பெரிய மெஷினை ஓட்டுபவர் அவர். காதில் வைத்துக்கொள்ள மஞ்சளாக ஒரு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். இவர் அதைச் சட்டைப்பையில் பத்திரமாக எடுத்துப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவார். "சத்தம் கேக்கலன்னா மெஷின் எதுல மாட்டுச்சுன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்பார். மெஷின் வாளி பாறையில் பட்டால் ஒரு சத்தமாம், களிமண்ணில் பட்டால் வேறு சத்தமாம். மெஷினை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். காதைத்தான் கோட்டை விட்டார்.

டாக்டரிடம் போகலாம் வாங்க என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். "ஃபைல்ல ஏறிடும்டி. மெஷின வுட்டு எறக்கி ஏதாவது ஸ்டோர்ல ஒக்கார வெச்சிடுவாங்க. ரிட்டயராவ இன்னும் ரெண்டே வருஷம். பல்லக் கடிச்சிகினு ஓட்டிடறேன். யார்கிட்டயாவது மூச்சு வுட்ட, பாத்துக்க." இதுதான் பதில். கம்மாபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், பிடித்தால் பிடித்த பிடிதான்.

நேரில் எப்படியோ சமாளித்துவிடுவார். பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டுவார். வீட்டுக்கு நாலு பேர் வந்து பேசிச் சிரித்தால், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவர் சிரிப்பார். ஒரு காலத்தில் ரேடியோவை அணைக்கவே விடாத மனுஷர், பாட்டு கேட்பதை அடியோடு விட்டுவிட்டார். பல்லவியில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க அவருக்கு வெட்கம்.

போனில்தான் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேதான் எனக்கு வினை வந்தது. எங்களுக்கு ஒரே பெண், இத்தாலியில் மேல்படிப்புப் படிக்கிறாள். அதற்கு முன்னாலும் ஹாஸ்டலில்தான் இருந்தாள், அப்பா காது விஷயம் அவளுக்கும் தெரியாது. அவ்வளவு தூரம் அவளை அனுப்ப இவருக்கு மனசில்லை. கிளம்புகிற அன்றைக்கு, "போறவ போய்த்தான் ஆவணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் கூப்பிடுவாள். இவர் போனை வாங்கி, "நல்லா இருக்கியாம்மா? இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று என் கையில் திணித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். வீடியோவில் வந்தாலும் அதே கதைதான். அந்தச் சின்னத் திரையில், அதுவும் விட்டுவிட்டு வருகிற படத்தில், வாயைப் பார்த்து எதைப் புரிந்துகொள்வது?

"அப்பாவுக்கு இன்னும் கோவம் போகலையாம்மா?" என்று அவள் கேட்பாள்.

"கோவமெல்லாம் இல்லடி. ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்திருக்காரு, அலுப்பு" என்பேன்.

அவள் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரியும். அவள் கேட்டதை நான் இவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஒடிந்துபோவார் என்று பயம். இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய், நடுவில் நான். ஒன்றேகால் வருஷம் இப்படியே போனது.

போன மார்கழியில் ஒருநாள் மகள் ஒரு பாட்டை அனுப்பினாள். கூடவே எழுதியிருந்தாள்: அவளோடு அறையில் தங்கியிருக்கிற பெண் அல்பேனியா நாட்டுக்காரி. நாடு நாடாகப் பாடகர்களை அனுப்பும் பெரிய பாட்டுப் போட்டிக்கு அவர்கள் நாட்டில் இந்தப் பாட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. இப்படித் தேர்வான பாட்டைச் சில வருஷம் இங்கிலீஷுக்கு மாற்றித்தான் போட்டிக்கு அனுப்புவார்களாம். இந்தத் தடவை அல்பேனிய பாஷையிலேயே போகட்டும் என்று அவள் மெழுகுவத்தி ஏற்றாத குறையாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். கடைசியில், "அப்பாவும் கேக்கட்டும்மா" என்று இருந்தது.

அல்பேனியா என்று ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மகள் விட்டுப்போன குட்டி ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டேன். ஒரு பெண் மெதுவாக ஆரம்பித்தாள். அடியில் ஒரு ஆண்கள் கூட்டம் ஒரே சுரத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவார்களே, அந்த மாதிரி. போகப்போகப் பெரிய மத்தளம் ஒன்று சேர்ந்துகொண்டது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரோடு எழுந்து வந்து நின்றார்.

"என்னாடி பாட்டு இது?"

அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். "அல்பேனியாப் பாட்டு. பாப்பா அனுப்பிச்சிருக்கா."

"என்னா சொல்றா அந்தப் பொண்ணு?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"ஒண்ணுகூடவா புரியல?"

"ஒரு எழுத்துகூடப் புரியல."

"எதிர்வூட்டுல கேட்டா?"

"நெய்வேலியில யாரு கேட்டாலும் புரியாதுங்க."

அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் என்னவென்று சொல்ல! நாற்காலியை ஸ்பீக்கர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தபா போடு" என்றார். அந்த ஒத்தும் மத்தளமும் அவருக்கு நன்றாகவே கேட்டன. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். அவர் தாளம் போட்டு நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அந்தப் பாட்டுதான். ப்ளாக் முழுக்க அதிரும். எதிர்வீட்டுப் பாலக்காட்டு அம்மா, "தெலுங்கா இது?" என்றார். மாடிவீட்டு ஆந்திராக்காரர், "ஒரியாவா இருக்கும்" என்றார். எல்லா ஜில்லாவும் எல்லா பாஷையும் வந்து குடியிருக்கிற ஊரில் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. நான் சாடையில் சொல்லச்சொல்ல இவருக்கு ஏக சந்தோஷம். "கேளு கேளு, நல்லா கேளு, ஒண்ணும் புரியாது" என்று தானாகச் சிரித்துக்கொள்வார். இந்தச் சிரிப்பு யாருக்கும் பின்னால் வரவில்லை.

பொங்கல் கழிந்து சில வாரத்தில் மகளிடமிருந்து சேதி வந்தது. பாட்டு அல்பேனிய பாஷையிலேயே போட்டிக்குப் போகிறதாம். அந்தக் குஷியில் தோழிகள் இருவரும் உட்கார்ந்து வரிக்கு வரி அர்த்தத்தைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாவம், இத்தனை நாளாக அர்த்தம் தெரியாமல் கேட்கிறாரே என்று அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, முதல் வரியை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் கையால் போனைப் பொத்தினார்.

"நிறுத்து."

"அர்த்தங்க, பாட்டோட அர்த்தம்!"

"தெரியுது. வேணாம். இந்த ஒரு பாட்டுதான் எனக்கும் ஊருக்கும் ஒரே மாதிரி கேக்குது. நீ அர்த்தம் தெரிஞ்சிகினு கேட்டீன்னா, நான் மறுபடியும் தனியா ஒக்காந்திருக்கணும். அதையும் கெடுத்துடாதடி."

அப்போது நான் அவரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி எனக்குத்தானே தெரியும். பாவம் என்று நினைத்த அடுத்த நொடியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊருக்குச் சமமா கேக்கறதுக்கு உங்களுக்கு ஒரு பாட்டாவது கெடச்சிடுச்சு. அங்க ஒருத்தி அப்பா கொரலே கெடைக்காம அழுதுகினு கெடக்கறா, தெரியுமா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. போனைத் திருப்பி, மகள் கடைசியில் எழுதியிருந்ததைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

'அப்பா தினமும் இந்தப் பாட்டக் கேக்கறாருன்னு சொன்னியே. என் மேல இருக்கற கோவம் கொஞ்சமாவது கொறஞ்சிருக்காம்மா?'

இரண்டு தடவை படித்தார்.

"நான் கோவமா இருக்கேன்னா நெனச்சிகினு இருக்கா?"

தலையாட்டினேன்.

"எத்தினி நாளா?"

"போனதுலருந்து."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். மெதுவாகக் கேட்டார். யாருக்கும் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நான் செய்த காரியம் இரண்டு பேரையும் நோகடித்திருக்கிறது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். "இருடி, பாப்பா பேசட்டும்" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். மணி அடித்ததும் போனை நான்தான் எடுத்தேன். வழக்கம்போல் "அம்மா" என்றாள். இவர் என் கையிலிருந்து போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, அப்பா பேசறேன். நீ பேசாத, எனக்குக் கேக்காது. நான் பேசறத மட்டும் கேளு." மெஷின் பக்கத்தில் நின்று பேசுகிறவர் மாதிரி கத்தினார். "எனக்குக் காது போயிடுச்சும்மா. நாலு வருஷம் ஆச்சு. நீ பேசறது ஒரு வார்த்தையும் புரியறதில்ல. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுகினுதான் போன அம்மாகிட்ட குடுத்துட்டு ஓடிப்போயிடுவேன். உம்மேல எனக்கு என்னாம்மா கோவம்? நீ போன அன்னிக்கும் கோவமில்ல. அழுதுடுவேன்னுதான் மூஞ்சத் திருப்பிகினேன்."

திரையில் அவள் வாய் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது.

"அழாதம்மா. நீ அழுதாலும் அப்பாவுக்குக் கேக்காது" என்றார்.

அவள் சட்டென்று எழுந்து போய்விட்டாள். காலி நாற்காலிதான் தெரிந்தது. இவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "போயிட்டாளாடி?" என்றார்.

திரும்பி வந்தாள். கையில் ஒரு நோட்டு. அதில் பட்டையான பேனாவால் ஏதோ எழுதி, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இவர் போனைக் கிட்டே கொண்டுபோய், ஒன்றாங்கிளாஸ் பிள்ளைபோல் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"அப்பா... சாப்ட்டீங்களா?"

ஒன்றேகால் வருஷமாக வாரந்தவறாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. நான்தான் அவருக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் இல்லம்மா" என்றார். "வஞ்சிரம் கொழம்பு வெச்சிருக்கா. ரசம் வெச்சிருக்கா. அவரைக்காப் பொரியல். காலையில இட்லி, அஞ்சு சாப்ட்டேன். நேத்து ராத்திரி கஞ்சி. முந்தாநேத்து கேன்டீன்ல பொங்கல், அதுல முந்திரியே போடல..."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இவர் நிறுத்துவதாக இல்லை. அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நான் கதவைச் சாத்தாமல் நின்றேன்.