ஒற்றை மிஸ்டு கால்

என் மனைவி சாமியைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டாள். என்றைக்கு விதைப்பது, கன்றுக்குட்டியை விற்கலாமா, எல்லாவற்றுக்கும் மாரியம்மன் கோவிலில் பூக் கட்டிப் பார்ப்பாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சந்நிதியில் போட்டு, கண்ணில் படும் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வாள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். "கொழம்புக்கு உப்புப் போடவும் பூக் கட்டுவியா?" என்று சீண்டுவேன். "உங்கள துபாய்க்கு அனுப்பவும் அப்படித்தான் கேட்டேன், சும்மா இருங்க" என்பாள்.

ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. ஊரில் ஒன்றரை ஏக்கரை அவள் ஒருத்தியாகவே பார்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அப்போதுதான் ஊர்ப் பக்கம் செல்போன் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டுக் கோவில் வாசலிலிருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். கேம்ப்பில் எங்களுக்கு அன்று லீவு. துவைத்த பனியனைக் கட்டில் கம்பியில் காயப்போட்டுவிட்டு நாலரை மணிக்குக் காத்திருப்பேன். ஒருமுறை அடித்து நிற்கும். நன்றாக இருக்கிறாள், எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

ஒப்பந்தம் முடியும் சமயம், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா, சனிக்கிழமை சொல் என்று கம்பெனியில் கேட்டார்கள். அவளிடம் சொன்னேன். "வெள்ளிக்கெழம ஆத்தாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் பேசி வைத்துக்கொண்டோம். இருக்கச் சொன்னால் வழக்கம்போல ஒரு மிஸ்டு கால், வரச் சொன்னால் இரண்டு. எனக்குப் போகத்தான் ஆசை. வாய் திறந்து சொல்லவில்லை, வீம்பு. அவளும் வாங்க என்று சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஒன்று அடித்தது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வரவில்லை. கோபம் அவள்மேலா, ஆத்தாள்மேலா என்று எனக்கே தெரியவில்லை. சனிக்கிழமை கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் முழுக்க அவளிடம் பேசவில்லை. கிடக்கட்டும் என்று இருந்தேன். மறு வெள்ளியும் ஒன்று அடித்து நின்றது.

அதற்கடுத்த வியாழக்கிழமை என் கொழுந்தியாள் போன் செய்தாள். அவளை எங்கள் ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. அக்காவும் தங்கையும் ஒன்றாகத்தான் வயலுக்குப் போவார்கள்.

"மாமா, அக்கா போயிடுச்சு மாமா."

"எப்ப?"

"இன்னியோட பதினாறு நாளு. களை எடுக்கையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வரப்புல உக்காந்துச்சு. எந்திரிக்கவே இல்ல."

நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை. "அப்ப அந்த மிஸ்டு காலு?"

"அக்கா போனுலேருந்து நான்தான் மாமா குடுத்தேன். வெள்ளிக்கெழம அடிக்கலன்னா பதறிப் போவீங்க. பாஸ்போர்ட்டு ஒங்க மொதலாளி கபீல் கையில. வரவும் முடியாம அங்க கெடந்து துடிப்பீங்களேன்னு..."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கடல் தாண்டி இருப்பவனுக்குக் காரியம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. கொள்ளி வைக்க வேண்டியவன் நான், ஒரு பங்காளி வைத்திருக்கிறான். செத்துப் போனவளை இரண்டு வாரமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் போனை அணைத்துப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிடுவேன். ஆனாலும் நாலரைக்கு அது அடிப்பது காதில் கேட்கும். எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தால், "ஒண்ணும் அடிக்கலண்ணே, படுங்க" என்பான் பக்கத்துக் கட்டில்காரன். அந்த அறையில் இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பதினாலு மாதம் கழித்துத்தான் லீவு கிடைத்தது. கொழுந்தியாள் வீட்டில்தான் சாப்பாடு. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கெழம எந்தப் புள்ளய விட்டுப் பூவ எடுக்கச் சொல்லப்போறன்னு அக்காகிட்டக் கேட்டேன் மாமா, அது போறதுக்கு மொத நாளு, செவ்வாக்கெழம. 'ஆத்தாகிட்டக் கேக்கல்லாம் போறதில்லடி, செவப்பு வந்துட்டா என்ன பண்றது? நானே வரச் சொல்லிடப் போறேன்'னு சொல்லிச் சிரிச்சிச்சு."

ஒன்று, இரண்டு என்று நாங்கள் பேசி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா சொல்லிச்சா மாமா? சொல்லியுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா. அவ சொன்னா. நான்தான் கேக்கல" என்றேன்.