வெயிலில் பறக்காத ஹெலிகாப்டர்

சித்தியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எனக்கும் ஏதாவது வாங்கி வருவார்கள். அதில் எதையும் நான் அனுபவித்ததில்லை. பேச்சு முடிவாகும்வரை பிரிக்கக் கூடாது, தட்டிப்போனால் வந்தது வந்தபடியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சித்தி ஏற்கெனவே இரண்டு பேரை வேண்டாமென்று சொல்லியிருந்தாள். ஒரு சாக்லேட் டப்பாவும், சாவி கொடுத்தால் நடக்கும் ஒரு கரடியும் அப்படித்தான் சேலத்துக்கே திரும்பிப் போயின. எட்டு வயதில் அதைவிடப் பெரிய அநியாயத்தை நான் பார்த்ததில்லை.

தாய் தகப்பன் இல்லாத சித்தியை வளர்த்தது அம்மாதான். மூன்றாவது இடமும் தட்டிப்போனால் இனி யார் மலையேறி வருவார்கள் என்று அம்மா ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. எனக்கும் கவலைதான். இந்த முறை வந்த மாப்பிள்ளை என் கையில் கொடுத்த பெட்டியில் ரிமோட் ஹெலிகாப்டர் படம் போட்டிருந்தது.

அவர் சேலத்தில் ஒரு லாரி கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். எங்கள் சட்டம் தெரியாதவர். டீயைக் குடித்ததும், “வா கண்ணு, பறக்க உட்டுப் பாக்கலாம்” என்று பெட்டியை வாங்கிக் கிழித்தேவிட்டார். அவருடைய அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். டேப் ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று என் அம்மா அப்பாவிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்துவிட்டது.

ரிமோட்டுக்கு ஆறு பேட்டரி வேண்டும். பெட்டியில் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் கடை பூட்டியிருக்கும். சுவர்க் கடிகாரம், ரேடியோ, டார்ச் எல்லாவற்றின் வயிற்றையும் அப்பா காலி செய்தார். பிறகு ரிமோட்டிலிருந்தே ஒரு வயர் இழுத்து ஹெலிகாப்டருக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு குடும்பங்களும் அதன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தன.

காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அப்பா எந்தப் புதுப் பொருளையும் ஜெபிக்காமல் தொட விடமாட்டார். மிக்ஸிக்கு ஜெபித்திருக்கிறோம், பைக்குக்கு ஜெபித்திருக்கிறோம். எனவே காப்பி உலர்த்தும் களத்தின் நடுவே ஹெலிகாப்டரை வைத்து, எல்லோரும் தலைகுனிந்து நின்றோம். ஏறுவதிலும் இறங்குவதிலும் காத்தருளும் என்று அப்பா கேட்டுக்கொண்டார்.

ஏறுவதற்கே வழியில்லை. உச்சி வெயில். முழங்கால் உயரம் எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றும், பொத்தென்று விழும். அவர் பட்டனைத் திருகினார், இறக்கையைத் துடைத்தார், இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் பொத்து. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “போதும் சாமி, வா” என்றார் அவருடைய அம்மா. “இன்னொருக்கா பாத்துக்கறேனுங்கம்மா” என்று அவர் மறுபடியும் குனிந்தார். என் பெரியப்பா சத்தமாகவே சிரித்தார். போச்சு, இந்த ஹெலிகாப்டரும் பஸ் ஏறப்போகிறது என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் சித்தி வெளியே வந்தாள். கூப்பிடாமல் பெண் வெளியே வரும் வழக்கம் இல்லை. அவள் கையில் அப்பாவின் பெரிய கறுப்புக் குடை.

“ஏனுங்க, சன்னல்ல வெயில் உழுந்தா எங்கூட்டு டிவி ரிமோட்டே வேலை செய்யாதுங்க. இதும் அப்படித்தான் இருக்கும். நெழல்ல ஓட்டிப் பாருங்க.”

ஹெலிகாப்டருக்கு மேலே குடையைப் பிடித்தாள். விர்ரென்று எழும்பியது. விழவில்லை. அது நகர்ந்த பக்கமெல்லாம் குடையோடு அவள் நடந்தாள். ரிமோட்டோடு அவரும் ஒட்டியே நடந்தார். களத்தை இப்படிச் சுற்றி வந்தார்கள். பெரியப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

சற்று நேரத்தில் மேகம் இறங்கி வெயிலை மூடிக்கொண்டது. அவர் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். நிழல் தேவைப்படாத ஹெலிகாப்டர் எனக்குக் கட்டுப்படவில்லை. களத்தைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களையும் தாண்டி, காப்பிச் செடிகளுக்குள் எங்கோ போய் விழுந்தது. நான் கத்தினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலும் இல்லாத, மழையும் இல்லாத களத்தில் விரித்த குடையின் கீழே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

புகார் சொல்ல அம்மாவிடம் ஓடினேன். அம்மா வாசற்படியில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. “போனாப் போவுது, அழுவாதம்மா, தேடி எடுத்துக்கலாம்” என்று அவள் முந்தானையைப் பிடித்துத் தேற்றினேன்.