சைக்கிள் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை ஓவராயில்

படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போய், குளிப்பாட்டி, துணி மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வருவது எங்கள் நிலையத்தின் வேலை. யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. எங்களில் பலர் பேருந்தில் போவார்கள். ஒருத்தி ஸ்கூட்டரில் போவாள். சைக்கிளில் போகிறவள் ஒருத்திதான் என்பதால் அவளுக்குச் சைக்கிள் அக்கா என்று பெயர் வந்தது. அவளைவிட வயதில் மூத்த நோயாளிகளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

ஐம்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தெருமுனையில் திரும்பும்போதே மணியை அடிக்கத் தொடங்கிவிடுவாள். வழியில் ஒரு பூனைகூட இருக்காது. படுத்திருக்கிறவருக்கு ஆள் வருவது தெரிய வேண்டாமா என்பாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே இருந்த அம்மாள் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்தாரே தவிர அதிகாரம் முறியவில்லை. நாங்கள் வைத்த பெயர் கலெக்டர். மற்றவர்கள் அந்த வீட்டுக்குப் போனால் முகம் சிவந்து திரும்புவார்கள். சைக்கிள் அக்கா சிரித்துக்கொண்டே வருவாள். தலையணை உறையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் மீசையில் முடியும் அவர்கள் சண்டை. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பாலத்தின் ஏற்றத்தை மூச்சு வாங்க மிதித்துப் போவாள்.

கலெக்டரின் மகள் காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவள். பகல் துணைக்கு வரும் பெண் எங்கள் வேலை முடியும் நேரத்தில்தான் வருவாள், அதுவரை தாயைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. எங்கள் ஆள் தாமதித்தால் அவள் ரயிலைத் தவறவிடுவாள். அதனால் அந்த வீட்டுக்கு மட்டும் நேரம் தவறக் கூடாது.

சைக்கிள் அக்கா அந்தச் சைக்கிளை நோயாளியைப் போலவே கவனித்தாள். புண் வருமுன் தோலைப் பார், சளி கட்டுமுன் புரட்டிப் படுக்க வை என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள் உடம்பில் ஊறியிருந்தது. தினமும் காலையில் செயினுக்கு எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்துச் சைக்கிளை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பாள். ஊரெல்லாம் எப்போதோ ஒருமுறை கடையில் விட்டுச் செய்யும் ஓவராயிலை இவள் வாராவாரம் செய்தாள். ரொட்டிக் கடையில் மாவு பிசையும் அவள் கணவருக்கு அன்று ஒருநாள்தான் விடுமுறை. சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகளைத் தாண்டித்தான் அவர் குளிக்கப் போக வேண்டும்.

"என்னை ஒரு நாளாவது இப்படிக் கவனிச்சிருக்கியா?" என்று கேட்டாராம்.

"உங்களைக் கழட்டினா திரும்ப மாட்டத் தெரியாதுங்க" என்றாளாம்.

இவ்வளவு கவனிப்பும் சைக்கிளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தினம் ஊற்றிய எண்ணெயில் புழுதி ஒட்டிச் செயின் கறுப்புக் களியாகிவிட்டது. எண்ணெய் தெறித்த சக்கர விளிம்பில் பிரேக் கட்டை வழுக்கியது. பாலத்து இறக்கத்தில் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவாள். ஒரு திங்கட்கிழமை செயின் கழன்று விழுந்து தாமதமானாள். அடுத்த திங்கட்கிழமை பின்சக்கரம் சுற்றவே மறுத்தது. முந்தின நாள் அவளே அளவுக்கு மீறி முடுக்கியிருந்தாள், அதைத் தளர்த்திவிட்டு வருவதற்குள் நேரமாகிவிட்டது. இரண்டு முறையும் மகளுக்கு ரயில் போயிற்று.

நான் சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு முறை தாமதமானால் அந்த வீடு ஸ்கூட்டர்க்காரிக்குப் போகும் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. பிறகு நிமிர்ந்து, இனி புதன்கிழமையும் சைக்கிளைப் பிரித்துப் பார்க்கிறேன் என்றாள்.

அன்று பிற்பகல் நானும் அவளும் கால் புண்ணோடு படுத்திருந்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். புண் ஆறவில்லை. விசாரித்ததில், ஆறிவிட்டதா என்று பார்க்க அவர் மகன் தினமும் கட்டைப் பிரித்திருக்கிறார். சைக்கிள் அக்கா மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டு நனைஞ்சிருக்கா, நாத்தம் வருதா, வீங்கியிருக்கான்னு தினம் பாருங்க, வேண்டாங்கல. பிரிக்கிறது நாங்க சொல்ற அன்னைக்கு மட்டும். சும்மா சும்மா பிரிச்சா அது எப்படிங்க..."

அதோடு நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே அவள் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது.

"அப்போ நான்தான் கட்டைப் பிரிச்சுக்கிட்டே இருக்கேனா?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"வேற யாரு? நானா?" என்றேன்.

போகிற வழியிலேயே சைக்கிள் கடையில் விட்டோம். கடைக்காரர் செயினை மண்ணெண்ணெயில் கழுவினார், கோணலாக ஓடிய சக்கரத்தைக் கோட்டம் எடுத்து நேராக்கினார், பிரேக் கட்டையை மாற்றினார். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ன செய்வது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தினம் ஏறுமுன் டயரை அழுத்திப் பார்த்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்தால் போதும் என்றார். வாரம் ஒருமுறை காற்றும், ஒரு துடைப்பும். எண்ணெய் மாதம் ஒருமுறை, மழையில் நனைந்தால் காய்ந்த பிறகு இன்னொரு முறை, அதையும் விட்டவுடனே துடைத்துவிட வேண்டும். முழு ஓவராயில் வருடத்துக்கு ஒன்று, அதுவும் இங்கே கொண்டு வந்து. "நீங்க மட்டும் ஸ்பேனரைத் தொடாதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கை துறுதுறுத்திருக்கிறது. கணவர் ஸ்பேனரை மாவு டின்னுக்குள் ஒளித்துவிட்டு, அவளைப் பின்னால் உட்காரவைத்து ஆற்றங்கரை வரை மிதித்துப் போனாராம். திரும்பும்போது மூச்சு வாங்கியது என்று இவள் மிதித்து, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தாராம். தெருவே பார்த்ததாம்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை, பாலத்தில் எதிர்க்காற்று. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கூட்டர்க்காரியையும் அந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். நானும் போய்க் கூரைக்கடியில் நின்றேன். மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். முதலில் கேட்டது மணிச் சத்தம். சைக்கிள் அக்கா சொட்டச் சொட்ட நனைந்து வந்து, பிரேக்கைப் பிடித்து வாசற்படிக்கு நேரே நிறுத்தினாள். மகள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடினாள்.

"இவ்வளவு சீக்கிரம் வந்து என் தூக்கத்தைக் கெடுக்கணுமா?" என்று உள்ளேயிருந்து கலெக்டர் குரல் வந்தது. சைக்கிள் அக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனாள். அந்த வீடு அவளுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அவள் வேலையை முடித்து வெளியே வந்தபோதுதான் ஸ்கூட்டர்க்காரி வந்து சேர்ந்தாள், வண்டியைத் தள்ளிக்கொண்டு. பாதி வழியில் நின்றுவிட்டதாம். கடைசியாக எப்போது கடையில் விட்டாய் என்று கேட்டேன். வாங்கியதிலிருந்து விடவே இல்லை என்றாள். அந்த வீடு தனக்கு வராதது பற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. கலெக்டரிடம் யார் மாட்டுவது என்றாள். அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிறதே என்றுதான் பதறினாள். சைக்கிள் அக்கா அந்த ஸ்கூட்டரை ஆசையோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நான் முறைத்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சரி, என் சைக்கிள்ல பின்னாடி ஏறு. நான் கொண்டு போய் விடறேன்."

ஸ்கூட்டர்க்காரி பாலத்து இறக்கத்தைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். "அக்கா, பிரேக் பிடிக்குமா?"

"தைரியமா ஏறும்மா. நான் அதைத் தொட்டு ஒரு வாரமாச்சு."