பொறுப்பாளர் கையொப்பம்

போன கிழமை அக்காவின் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பல்கலைக்கழக விடுதிக்கான படிவம். ‘பொறுப்பாளர் கையொப்பம்’ என்ற இடத்தில் விரலை வைத்து, “சித்தி, இதில ஒருக்கா சைன் வையுங்கோ” என்றாள். தகப்பன் இல்லாத பிள்ளை, அக்காவுக்கோ கண் தெளிவில்லை, ஆகவே நான். பேனாவைத் திறந்தேன், எழுதவில்லை. “சும்மா ஒரு கையெழுத்துத்தானே சித்தி, என்ன யோசிக்கிறீங்கள்?” என்று சிரித்தாள்.

யோசித்தது வேறு. ஆனால் வாய் புத்திமதி சொல்லத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் இரு, விளங்காவிட்டால் கையை உயர்த்து, சீனியர்மாரின் பழைய நோட்ஸ் வாங்கு, நேரத்துக்குப் படு. என் முதல் வருடத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். விரிவுரைகள் ஆங்கிலத்தில். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு அறைக்கு வருவேன். வந்து பார்த்தால் நான் எழுதியது எனக்கே விளங்காது.

ஃபோமலின் மணம் பட்டால் எனக்கு இன்றும் ஒரு சுறாதான் நினைவுக்கு வரும். விலங்கியல் ஆய்வுகூடத்தில் ஆளுக்கொரு சிறிய சுறாவைத் தந்து, வெட்டி உள்ளுறுப்புகளை வரையச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் தொடவே அருவருத்து நின்றார்கள். நான் கடற்கரைப் பிள்ளை அல்லவா? இரண்டே நிமிடத்தில் தோலை உரித்து, குடலை எடுத்து எறிந்து, வீட்டில் சுறா வறை சமைக்க அவிக்கிற அளவில் துண்டு போட்டு அடுக்கி வைத்தேன். மேற்பார்வைக்கு வந்தவர் குடல் எங்கே என்று கேட்டார். நான் குப்பை வாளியைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

அந்தக் கத்திப் பழக்கம் சூசை அத்தானின் வள்ளத்தடியில் வந்தது. அத்தான் என் அக்காவின் கணவர். வெள்ளாங்குளத்துக்கு மேற்கே கடற்கரையில் எங்கள் ஊர். அது போர்க்காலம். எங்கள் பக்கத்தில் இருந்து வெளியே போவதென்றால் பாஸ் எடுக்க வேண்டும், பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்க வேண்டும். குறித்த நாளில் போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். எனக்காகப் பாஸ் கொடுக்கும் கந்தோரின் பெரிய கொப்பியில் கையெழுத்து வைத்தவர் அத்தான். “பிள்ளை படிக்கப் போகுது, களவெடுக்கவே போகுது?” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வைத்தார்.

முதல் வருடப் பரீட்சை முடிந்து ஊர் திரும்பக் கணக்காக இருந்தது பாஸ். ஆனால் வேலைநிறுத்தம் வந்து பரீட்சை ஐந்து கிழமை தள்ளிப்போனது. இடையில் ஊருக்குப் போனால் மறுபடி வெளியே வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பாஸில் குறித்த நாள் கடந்தும் நான் போகவில்லை. அப்போதுதான் அத்தானின் கடிதம் வந்தது, வவுனியாவுக்கு வந்த பங்குச் சுவாமியார் ஒருவர் தபாலில் போட்டது. அத்தானே எழுதியிருந்தார்.

“பிள்ளை, சுகம்தானே. கடலுக்குப் போற அட்டையைப் பாஸ் கந்தோரில வாங்கி வைச்சிட்டினம். இறால் படுற நேரம். அக்காவுக்கு இப்ப ஆறு மாதம். ஏலுமெண்டால் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ.”

திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கடிதத்தை நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். அன்று முதல்தான் நான் உண்மையாகப் படித்தேன். சாப்பாட்டையும் மறந்து, கோயிலுக்கும் போகாமல், வெறி பிடித்த மாதிரிப் படித்தேன். முதல் வருடத்தில் எப்படித் தேறினாய் என்று கேட்டால் சொல்லக்கூடிய உண்மையான பதில் இதுதான். ஒரு வீட்டின் அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தேன்.

பரீட்சை முடிந்து போனபோது சோதனைச்சாவடித் தடைமரத்தின் அந்தப் பக்கத்தில் அத்தான் நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். அட்டை போனபின் காட்டில் விறகு வெட்டியிருக்கிறார். என் பெட்டியை வாங்கிய உள்ளங்கை முழுக்கக் கோடரிக் காய்ப்பு.

“சோதினை எழுதினனியோ?”

“ஓம் அத்தான்.”

“என்ர கடிதம் கிடைச்சதோ?”

“இல்லை அத்தான்.”

நான் யோசிக்கவே இல்லை, அது தானாக வந்தது. அந்த நாளில் பாதிக் கடிதங்கள் வழியிலேயே தொலைந்துவிடும், யாரும் நம்புவார்கள். அத்தானின் முகம் மலர்ந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “நான் நினைச்சனான். கிடைச்சிருந்தால் பிள்ளை வந்திருப்பாள் எண்டு அக்காவிட்டையும் சொன்னனான்” என்றார்.

இப்போது அந்தத் தடைமரம் இல்லை. அது நின்ற இடத்தில் ஃபோனுக்கு ரீலோட் போடும் கடை ஒன்று இருக்கிறது. பாஸ் கந்தோர் இருந்த வளவில் மாடு மேய்கிறது. அத்தானின் கையெழுத்து இருந்த கொப்பி எந்த நெருப்பில் போனதோ. கடைசி இடப்பெயர்வில் அத்தானும் போனார். ஒரு பூ வைக்கக்கூட இடம் தெரியாது.

படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அப்போது என் கையெழுத்தைப் பார்த்துத் தகப்பனை நினைத்தவள் போல, அன்று அக்காவின் வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளை கேட்டாள்:

“அப்பா எப்பவும் சொல்லுவார், ‘கடிதம் கிடைச்சிருந்தால் சித்தி ஓடி வந்திருப்பா’ எண்டு. அப்பிடியே சித்தி?”

கடிதம் என் அலுமாரியில், பட்டச் சான்றிதழுக்கு அடியில் இருக்கிறது.

“ஓம்” என்றேன்.