அஞ்சுக்கு ஏழு

போன வருஷம், ஐப்பசி மழை ரெண்டு நாள் கொஞ்சம் விட்டிருந்த நேரம். பெரகலைக்குக் கீழே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த விஷயம் இது. தோட்டத்துப் பேர் வேண்டாம். தப்பு என்னுடையது, அவர்களை எதற்கு இழுக்க வேண்டும்?

நான் பதுளை டவுனில் இருக்கிறேன். நிரந்தர வேலை என்று ஒன்றும் கிடையாது. கணக்கெடுப்பு, கருத்துக் கேட்பு என்று யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவள். வயது நாற்பதைத் தாண்டியாச்சு, முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. அந்தத் தடவை கூப்பிட்டது ஒரு சின்ன கம்பனி. போனுக்கு ஒரு ஆப் செய்திருந்தார்கள். போனைச் சுவருக்கு நேராகப் பிடித்தால், சட்டம் போட்ட பெரிய ஓவியம் ஒன்று அந்தச் சுவரிலேயே மாட்டியிருக்கிற மாதிரி திரையில் தெரியும். கண்காட்சி பார்க்கக் கொழும்புக்குப் போக முடியாத சனங்களுக்கு வீட்டுக்குள்ளேயே கண்காட்சி. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. முப்பது வீட்டில் அதைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டு, அஞ்சு நட்சத்திரத்தில் எத்தனை என்று படிவத்தில் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முப்பதும் போய்ச் சேராவிட்டால் அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

முதல் நாள் பண்டாரவளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்குப் போன் போட்டேன். இரைச்சலில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. "தலைவரே, நாளைக்கு வர்றேன். வீட்டுச் சுவரு, படம், ஆளுங்கள இருக்கச் சொல்லுங்க" என்று கத்தினேன். சரிங்க, சரிங்க என்றார். அத்தோடு லைன் போய்விட்டது.

மறுநாள் மேட்டில் மூச்சு வாங்க ஏறிப் போனால், வேலை நாளிலும் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒவ்வொரு காம்பரா வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அதுவும் எப்படி? சாமி படம், கலண்டர், துணிக்கொடி எல்லாம் கழற்றி, சுவரை வெறுமையாக்கி வைத்திருந்தார்கள். அடடா, என்ன ஒத்துழைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எல்லா வீட்டிலும் அந்தச் சுவரில்தான் வெடிப்பு இருந்தது. சில வீட்டில் விரல் போகிற அளவுக்கு. பார்த்தேன். பார்த்ததோடு சரி.

முதல் வீட்டில் முழுசாக விளக்கம் சொன்னேன். நாலாவது வீட்டில் பாதி சொன்னேன். பத்தாவது வீட்டுக்கு வரும்போது தொண்டை வற்றிவிட்டது. போனைச் சுவருக்குப் பிடிப்பது, திரையைக் காட்டுவது, "படம் நல்லா இருக்கா? எத்தனை போடட்டும்?" அவ்வளவுதான். அவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு, நல்லா விழுந்திருக்குங்க என்பார்கள். ஒரு வீட்டில் அஞ்சு, ஒரு வீட்டில் நாலு, அடுத்ததில் மறுபடி அஞ்சு. ஒரு தாத்தாவும் பாட்டியும் மட்டும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு ரெண்டு என்றார்கள். சிரித்த சிரிப்புக்கு ரெண்டுதானா என்று எனக்குச் சுருக்கென்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வெட்கமாக இருந்தாலும். படிவத்தில் குறிப்பு எழுத ஒரு இடம் இருந்தது. அதில் நான் எழுதினேன்: "சுவரில் வெடிப்பு இருந்தாலும் ஓவியம் அதை நன்றாக மறைத்துவிடுகிறது. சிறப்பான அம்சம்." என் கையெழுத்தில்தான் எழுதினேன்.

பத்தொன்பதாவது காம்பராவில் ஒரு அக்கா. என்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கலாம். கொழுந்துக் கறை பிடித்த கை. எத்தனை போடட்டும் என்றேன்.

"ஏழு" என்றார்.

"அக்கா, அஞ்சு வரைக்கும்தான் போடலாம்."

அந்த அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. "அப்ப ரெண்டு பேர எங்க மிஸ் போடுறது?"

எனக்கு விளங்கவில்லை. எந்த ரெண்டு பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மாமியார், வீட்டுக்காரர், மூணு பிள்ளைகள், தங்கச்சி மகள், தான். ஏழு. அஞ்சு பேருக்குத்தான் பதிவு என்றால் மாமியாரை விடுவதா, தங்கச்சி மகளை விடுவதா என்று என்னையே கேட்கிறார்.

அந்த அக்கா சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. போன வாரம் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனுக்கு அரசாங்க ஆட்கள் வந்து, மழையில் வெடித்த சுவர்களைப் போட்டோ எடுத்து, வீட்டுக்கு எத்தனை பேர் என்று பதிந்துகொண்டு போயிருக்கிறார்கள். மண் சரிகிற இடத்திலிருந்து சனங்களை எழுப்பி வேறு இடத்தில் வீடு கொடுக்க. இந்தப் பக்கமும் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே காத்துக்கொண்டு இருந்தவர்கள் காதில் சுவரு, படம், ஆளு என்று நான் போய்க் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு வேலைக்குப் பேர் கொடுக்காமல், சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்தது எனக்காக இல்லை. அந்த ரெண்டு கூட ஓவியத்துக்கு இல்லை. தாத்தா ஒன்று, பாட்டி ஒன்று.

உண்மையைச் சொன்னேன். அந்த அக்கா வெறுஞ்சுவரைத் திரும்பிப் பார்த்தார். "மலைப்படம் ஒன்னு காட்டுனீங்களே, அது எதுக்குன்னு யோசிச்சேன். யாரு வந்தாலும் மொதல்ல எதையாவது காட்டிட்டுத்தானே மிஸ் பேர் எழுதுவாங்க" என்றார்.

நான் லுணுகலைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். கையில் தாளோடு வருகிறவர் எத்தனை என்று கேட்டால் எங்கள் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? அரிசி, மாவு, கூரைத் தகரம், எதுவாக இருந்தாலும் தலையை எண்ணித்தான் கேட்பார்கள். டவுனுக்குப் போய் நாலு படிவம் நிரப்பியதில் அது எனக்கு மறந்து போயிருக்கிறது. என் மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இன்னொருக்கா காட்டுங்க என்றார். போனைப் பிடித்தேன். சுவர் முழுக்கப் பச்சை மலை. அந்த அக்கா போய்ச் சுவரில் கையை வைத்து வெடிப்பைத் தடவினார். திரையில் அவர் கையும் தெரியவில்லை, வெடிப்பும் தெரியவில்லை.

போனை உள்ளே வைக்கப் போனவளைப் பிடித்து நிறுத்தினார். "ஏழுன்னே எழுதுங்க மிஸ். எங்கேயாவது ஒரு தாள்ல நாங்க ஏழு பேருன்னு இருக்கட்டும்."

அச்சடித்த அஞ்சு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பேனாவால் இன்னும் ரெண்டு வரைந்தேன்.

அதற்குப் பிறகு முழங்காலைப் பற்றி யோசிக்கவில்லை. முன்னால் போன பதினெட்டு வீட்டுக்கும் திரும்பப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று நான் வீட்டுக்குப் பதிய வந்தவள் இல்லை என்று சொன்னேன். ரெண்டு வீட்டில் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது நியாயம்தான். தாத்தா பாட்டி மட்டும் அதற்கும் சிரித்தார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. ஆப்பை மூடிவிட்டுச் சாதாரணக் கமராவில் வெடிப்புகளைப் படம் எடுத்தேன். பேர், தலை எண்ணிக்கை எல்லாம் எழுதி, தலைவரோடு போய் வீட்டுப் பதிவு பார்க்கிற அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். வரிசை இருக்கிறது, பார்க்கிறோம் என்றார்கள்.

கம்பனிக்குப் பத்தொன்பது படிவம்தான் போனது. குறிப்பில் எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, "ஓவியம் வெடிப்பை மறைக்கிறது. இது குறை" என்று எழுதினேன். ஏழு எப்படி வந்தது என்று போன் பண்ணிக் கேட்டார்கள். சொன்னேன். அஞ்சுக்கு மேல் கம்பியூட்டர் எடுக்காது மிஸ், அஞ்சு என்றே போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

இந்த வருஷமும் ஐப்பசி வந்துவிட்டது. அந்த லயத்திலிருந்து இன்னும் யாரும் புது வீட்டுக்கு எழும்பிப் போகவில்லை என்று தலைவர் சொன்னார். பதுளையில் மழை இறங்கும்போதெல்லாம் மாமியார், வீட்டுக்காரர், மூணு பிள்ளைகள், தங்கச்சி மகள், அந்த அக்கா என்று எண்ணிப் பார்க்கிறேன், யாரையும் விடாமல் ஏழு வரைக்கும்.