மெமரியை மட்டும் கழட்டிக் கொடு

உள்ளறையிலிருந்து "டக்... டக்..." என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"உங்க நோயாளி இழுத்துக்கிட்டுக் கிடக்குது, போய்ப் பாருங்க," என்றாள் மனைவி.

"அது போய்ச் சேர்ந்தாச்சு. சத்தம் மட்டும்தான் பாக்கி," என்றார் அவர்.

இப்படி டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களையும் குரல்களையும் மீட்டுத் தருவது அவர் தொழில். முன்னறைதான் கடை. தெருவில் 'டிஸ்க் டாக்டர்' என்று பெயர். அவருக்குக் குழந்தை இல்லை. ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் சிரிப்பையெல்லாம் அவர் கைதான் மீட்டிருக்கிறது.

வாசலில் அதே தெருத் தையல்காரி நின்றிருந்தாள். மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த கண்கள் இன்னும் காயவில்லை. கையில் சாட்டின் துணியில் சுற்றிய பொட்டலம்.

"அண்ணா, பாப்பா பாடினது, பேசினது எல்லாம் இதுல இருக்கு. எடுத்துக் கொடுங்க."

பிரித்தார். பச்சை நிறத்தில் ஒரு ரேம் பட்டை. வேறு ஏதாவது இருக்கிறதா என்று துணியை உதறிப் பார்த்தார்.

"ஹார்ட் டிஸ்க் எங்க தங்கச்சி? கனமா ஒரு பெட்டி இருக்குமே?"

"கம்ப்யூட்டரைப் பாத்தாலே நான் அழறேன்னு கொழுந்தன் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. 'மெமரியை மட்டும் கழட்டிக் கொடு'ன்னு நான்தான் கேட்டு வாங்கினேன். மெமரின்னா ஞாபகம்தானே அண்ணா?"

கொழுந்தனையும் குறை சொல்ல முடியாது. எந்தக் கடையில் மெமரி கேட்டாலும் இந்தப் பட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

அந்த இரும்புக் கடைக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டரை நசுக்கி லாரியில் ஏற்றியாகிவிட்டது என்றார்கள்.

"பாப்பாவோட போன்ல ஏதாவது இருக்கா?"

"போன் நிறைஞ்சுடுச்சுன்னு எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு அழிச்சிட்டா."

எத்தனையோ பேருக்குக் கெட்ட சேதியைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர். இன்று பட்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"தங்கச்சி, டிஸ்க் உங்க வீட்டு பீரோ மாதிரி. கரண்டு போனாலும் உள்ள வச்சது இருக்கும். இது உங்க தையல் மேசை. வேலை நடக்கிறப்ப மட்டும்தான் துணி மேல கிடக்கும். கரண்டு போனா மேசை காலி."

"திரும்பக் கரண்டு கொடுத்தா?"

"முழிச்சுக்கும். கம்ப்யூட்டர் போர்டுல இருக்கிற ஒரு சின்ன சிப்பு எழுப்பி விடும். ஆனா அந்தச் சிப்புக்கு எழுப்ப மட்டும்தான் தெரியும், நம்ம யாரையும் தெரியாது. இது காலியாத்தான் முழிக்கும்."

அவள் பட்டையைத் தடவினாள். "பாப்பா எப்பவாவது இதுல இருந்தாளா?"

"நீங்க கேட்ட ஒவ்வொரு பாட்டும் இது வழியாத்தான் வந்துச்சு. தங்கல."

"ஒரே ஒரு வார்த்தை, அண்ணா. மெமரிக்குப் பதிலா டிஸ்க்குன்னு சொல்லியிருந்தா, கொழுந்தன் அதைக் கழட்டிக் கொடுத்திருப்பாரு."

அவள் சாட்டின் துணியின் ஓரங்களை மடித்து, பிள்ளையைப் போர்த்துவதுபோல் பட்டையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

உள்ளே மனைவி ஸ்விட்சை அணைத்துவிட்டாள் போலிருக்கிறது. டக் டக் சத்தம் நின்றிருந்தது. தையல்காரி திரும்பிப் பார்ப்பாளோ என்று நின்றார். பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார்.