முட்டையோடு வந்தவர்

நாமக்கல்லில் பஸ் ஏறியதிலிருந்து பக்கத்து சீட்டுக்காரர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். முழங்கைக்குக் கீழே அது பேட்டரியில் இயங்கும் கறுப்புக் கை. இப்படியொன்றை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். அதன் விரல்களுக்குள் ஒரு கோழிமுட்டை இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, பச்சை முட்டைங்களா?”

“ஆமாங்க. போர் போடற ரிக் வண்டியில கை போச்சுங்க. இது நான் நெனைச்சாப் புடிச்சுக்கும். ஆனா எவ்வளவு இறுக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. கண்ணை எடுக்காமப் பார்த்துக்கிட்டே இருக்கோணும்.”

“அதுக்கு முட்டை எதுக்குங்க?”

“புள்ளை பொறந்து மூணு மாசமாச்சுங்க. இந்தக் கையில இன்னும் தூக்கலைங்க. முட்டை ஒடையாம ஊடு போய்ச் சேர்ந்தா, இன்னிக்குத் தூக்கலாம்னு இருக்கறனுங்க.”

ராசிபுரத்தில் இறங்க எழுந்தார். நான் கை நீட்டினேன். முட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அந்தக் கறுப்புக் கையையே கொடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பத்திரமாக என் கையை அதுவரை யாரும் பிடித்ததில்லை.